விளக்கும் வடிகாலும்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் நள்ளிரவுக் காட்சி ஒன்று உண்டு. வாடைக்காற்று வீசும் கூதிர்ப் பாசறையில் அரசன் துயில் கொள்ளாது புண்பட்ட வீரரைக் காணப் புறப்படுகிறான். காற்றில் விளக்குகளின் சுடர் சாய்கிறது. வேப்பந்தழை கட்டிய வேலோடு முன்செல்லும் ஒருவன், புண்பட்டோரை ஒருவர்பின் ஒருவராகக் காட்டிச் செல்கிறான். பாசறை, இரவு, விளக்கு, புண்பட்டோர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த அக்காட்சியைக் கற்ற தமிழர்க்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகமெங்கும் பரவிய இன்னொரு காட்சி புதிதாகத் தோன்றியிருக்க இயலாது. அதனாற்போலும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்க்குக் 'கைவிளக்கேந்திய காரிகை' என்னும் பெயர் தமிழில் அத்துணை எளிதாக ஒட்டிக்கொண்டது. பள்ளிப் பாடத்தில் அப்பெயரைப் படித்தவர் பலர். செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் புதிய மாணவியர் விளக்கேற்றி உறுதிமொழி கூறும் வழக்கமும், அம்மையார் பிறந்த மே 12ஆம் நாளைச் செவிலியர் நாளாகக் கொண்டாடும் வழக்கமும் இன்றும் உள்ளன.

விளக்கு பொய்யன்று. ஆயினும் அவ்விளக்கோடு அம்மையார் நடந்த தாழ்வாரம் எத்தகைய கட்டடத்திற்கு உரியது, அத்தாழ்வாரத்தின் அடியில் ஓடியது யாது என்று வினவினோர் சிலரே. மருத்துவமனையாகக் கட்டப்படாத ஒரு கட்டடத்தை ஒரு சில வாரங்களில் மருத்துவமனையாக மாற்றியதன் விளைவை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் ஏற்க நேர்ந்த வரலாறு அது.

சுல்தானின் பாசறை

இஸ்தான்புல் மாநகரில், பாஸ்பரஸ் நீரிணை மர்மாராக் கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, ஆசியக் கரையில் உஸ்குதார் என்னும் பகுதி உள்ளது. ஐரோப்பியர் அதனை ஸ்கூட்டாரி என வழங்கினர். உதுமானியப் பேரரசர் மூன்றாம் சலீம், ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற புதியதொரு படையைத் திரட்டி, அதற்கென இங்கு 1800ஆம் ஆண்டளவில் மரத்தாலான பாசறை ஒன்றை எழுப்பினார். அவர் பெயராலேயே அது சலீமியே எனப்பட்டது. புதிய படையைக் கண்டு பொறாத ஜானிசரிகள் என்னும் பழைய படையினர் கலகம் செய்தனர். சலீம் 1807இல் அரியணை இழந்தார். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். பாசறையும் கலகத் தீக்கு இரையாயிற்று.

பின்னர் வந்த இரண்டாம் மகமூத், 1825க்கும் 1828க்கும் இடையே அதனைக் கல்லால் மீட்டெழுப்பினார். இடையில் 1826இல் ஜானிசரிப் படையையே ஒழித்துக்கட்டினார். எஞ்சிய பகுதிகள் அவர் மகன் அப்துல் மெஜீத் காலத்தில் நிறைவுற்றன. நடுவே அகன்ற முற்றம். அதனைச் சூழ்ந்து நீண்ட சதுரமாக ஓடும் அடுக்கு மாடிகள். நான்கு மூலைகளிலும் உயர்ந்த கோபுரங்கள். கடலிலிருந்து நோக்குவோர்க்கு அது அரண்மனை போன்றே தோன்றிற்று. ஆங்கிலேயர் முதலில் மயங்கியதும் அத்தோற்றத்திலேதான்.

அதன் உள்ளமைப்பை இங்குச் சற்றே கூறவேண்டும். முற்றத்தை ஒட்டித் தளந்தோறும் நீண்ட தாழ்வாரங்கள்; தாழ்வாரங்களிலிருந்து திறக்கும் அறைகள். அறைகளில் சுவரையொட்டி மரமேடைகள். வீரர் அவற்றின்மேல் வரிசையாகப் படுத்துறங்குவர். கழிப்பிடங்கள் கட்டடத்திற்குள்ளேயே அமைந்து, குழாய்வழியே அடித்தளத்துச் சாக்கடைகளோடு இணைந்திருந்தன.

உடல்நலமுள்ள இளைஞர் வாழ்வதற்கு இது பெருங்குறையுடைய அமைப்பன்று. படைவீரன் விடியலில் எழுந்து பயிற்சிக்குச் செல்வான். பகலெல்லாம் வெளியில் நிற்பான். உறங்குவதற்கு மட்டுமே அறைக்குத் திரும்புவான். நோயாளியின் நிலை வேறு. அவன் இரவும் பகலும் ஒரே இடத்தில் கிடக்கிறான். உண்பதும் கழிப்பதும் மருந்து கொள்வதும் புண் கழுவுவதும் அங்கேயே நிகழ்கின்றன. வயிற்றுப்போக்குற்ற ஒருவன் ஒரு நாளில் கழிப்பிடத்திற்குச் செல்லும் முறைகள் நலமுள்ளவன் செல்வதைவிடப் பன்மடங்காகும். ஆயிரம் வீரர் உறைந்த கட்டடத்தில் ஆயிரம் நோயாளிகளைக் கிடத்தினால் தலைக்கணக்கு மாறாது. காற்றின் தேவையும் நீரின் தேவையும் கழிவின் அளவும் முற்றிலும் மாறிவிடும். 1854இல் ஆங்கிலப் படையின் அலுவலர் பார்த்தது தலைக்கணக்கை மட்டுமே.

அவசரத்தில் ஒரு மருத்துவமனை

உருசியாவுக்கு எதிராகத் துருக்கியோடு இணைந்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1854 மார்ச்சில் போரில் இறங்கினர். அவ்வாண்டுக் கோடையில் கருங்கடலின் மேற்குக் கரையிலிருந்த வார்னா முகாமில் காலரா புகுந்தது. செப்டம்பரில் படை கிரிமியாவில் இறங்கியபோது நோயும் உடன் இறங்கிற்று. செப்டம்பர் 20ஆம் நாள் ஆல்மா ஆற்றங்கரைப் போர் நிகழ்ந்தது. புண்பட்டோரும் காலரா கண்டோரும் ஒரே கப்பல்களில் ஏற்றப்பட்டு ஏறத்தாழ முந்நூறு மைல் கருங்கடலைக் கடந்து ஸ்கூட்டாரிக்கு வந்தனர். வழியிலேயே கடலில் இடப்பட்டோர் பலர்.

ஸ்கூட்டாரியில் துருக்கியரின் பொது மருத்துவமனை ஒன்று ஏற்கெனவே ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அது விரைவில் நிரம்பி வழிந்தது. எஞ்சியோரை எங்கே கிடத்துவது என்ற கேள்வி எழுந்தபோது கண்முன் நின்றது சலீமியேப் பாசறை. சுவர்க்கு வெள்ளை பூசியும் தரையில் படுக்கை விரித்தும் அதனை மருத்துவமனை என அறிவித்துவிட்டனர். பெயர்தான் மாறிற்று. சமையற்கூடம் போதாது, துணி வெளுக்க வழியில்லை, அறுவை செய்வதற்குத் தனியறை இல்லை, ஒரு பகுதி தீயால் பழுதுற்றுப் பயனற்றுக் கிடந்தது. பாசறையின் இன்னொரு பகுதி படைகளின் தங்கிடமாகவே நீடித்தது. கீழ்த்தள இருட்டறைகளிலோ, படையோடு வந்து கைவிடப்பட்ட வீரர்தம் மனைவியர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தனர். அங்குச் சாராயக்கடை நடந்தது, குழந்தைகள் பிறந்தன, டைபஸ் காய்ச்சல் பரவிற்று. இத்தனைக்கும் மேலேதான் மருத்துவமனை.

அக்டோபரில் இலண்டன் 'டைம்ஸ்' இதழில், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து தாமஸ் செனரி எழுதிய மடல்கள் வெளியாயின. காயக்கட்டுத் துணிகூட இல்லை என்ற செய்தி நாட்டை உலுக்கிற்று. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியரோடு புறப்பட்ட நைட்டிங்கேல் 1854 நவம்பர் 4ஆம் நாள் ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார். மறுநாள் இன்கர்மன் போர். அடுத்த சில நாட்களிலேயே கப்பல் கப்பலாகப் புண்பட்டோர் வந்து குவிந்தனர். அறைகள் நிரம்பித் தாழ்வாரங்களிலும் படுக்கைகள் இடப்பட்டன. அப்படுக்கைகளின் வரிசையை நான்கு மைல் நீளமென அம்மையார் தம் மடலொன்றில் கணக்கிட்டார். ஒரு படுக்கைக்கும் மறுபடுக்கைக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளியும் இல்லை.

அம்மையார் செய்த பணிகள் பலராலும் கூறப்பட்டவை, விரிக்க வேண்டுவதில்லை. வீடொன்றை வாடகைக்கு எடுத்துக் கொப்பரைகள் அமைத்து வீரர் மனைவியரைக் கொண்டே துணி வெளுக்கச் செய்தார். நலிந்தோர்க்கு ஏற்ற உணவு சமைக்கத் தனி அடுக்களைகள் வைத்தார். சட்டை, தட்டு, கரண்டி, சோப்பு என அரசு தராதவற்றையெல்லாம் கைப்பணத்திலும் டைம்ஸ் நிதியிலும் வாங்கினார். டிசம்பரில் மேலும் நோயாளிகள் வருகின்றனர் என்ற செய்தி எட்டியதும், தீயால் பழுதுற்ற பகுதியைச் செப்பனிட முனைந்தார். முதலில் அமர்த்திய 125 தொழிலாளர் கூலிப் பிணக்கால் வேலையை நிறுத்தினர். அவர் தம் பொறுப்பிலேயே 200 பேரை அமர்த்தி அப்பகுதியை முடித்தார்; ஏறத்தாழ எண்ணூறு படுக்கைகளுக்கு இடம் கிடைத்தது. செலவை அரசு பின்னர் ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் வரலாறு கசக்கத் தொடங்குகிறது. உணவு சீர்பட்டது; துணி வெளுத்தது; செவிலியர் இருந்தனர்; படுக்கைகள் பெருகின. சாவும் பெருகிற்று. நவம்பரைவிட டிசம்பரிலும், டிசம்பரைவிடச் சனவரியிலும் இறப்பு மிகுந்தது. 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். குண்டடியும் வாள்வெட்டும் பட்டு மாண்டோர் அவர்களுள் சிறுபான்மையினரே. வயிற்றுப்போக்கும் குருதிக்கழிச்சலும் காய்ச்சலுமே பெரும்பாலோரைக் கொண்டுசென்றன. உறைபனியிலும் பசியிலும் ஸ்கர்வி நோயிலும் நலிந்து, செவஸ்தபோல் முற்றுகைக் குழிகளிலிருந்து வந்த உடல்கள் அவை என்பது உண்மையே. அந்த உடல்களை ஏற்ற கட்டடம் அவற்றுக்கு என்ன செய்தது என்பது மற்றொரு கேள்வி.

தரைக்கு அடியில்

கழிப்பிடக் குழாய்கள் அடைபட்டிருந்தன. நீர் வரத்தும் போதாது. அடைபட்ட கழிவு மேலெழுந்து கழிப்பிடத் தரையில் ஓரங்குல ஆழத்திற்கும் மேலாக நின்று, முன்னறைக்குப் பரவிற்று எனப் பாராளுமன்ற உறுப்பினர் அகஸ்டஸ் ஸ்டாஃபோர்ட் தாம் நேரில் கண்டதைப் பின்னர்ச் சான்றாக உரைத்தார். வயிற்றுப்போக்குற்றோர் காலணியும் இன்றி அதனூடே நடந்து சென்று அதே காலோடு படுக்கைக்குத் திரும்பினர். நடக்க இயலாதோர்க்கு வைத்த மரத்தொட்டிகள் அறைகளிலேயே நின்றன.

இவை கண்ணுக்குப் புலனானவை. புலனாகாதது இன்னும் கொடிது. அரண்மனை போன்ற அந்தக் கட்டடம் சாக்கடைகளின்மேலேயே நின்றுகொண்டிருந்தது. ஓட்டமின்றித் தேங்கிய கழிவு கட்டடத்தின் அடியில் ஊறிக் கிடந்தது. கடற்காற்று வீசும்போது சாக்கடை வாயில் புகுந்த காற்று, கழிவுக் குழாய்களின் வழியே மேலேறி அறைகளையும் தாழ்வாரங்களையும் நிறைத்தது. சாளரங்கள் போதாமையால் புகுந்த காற்று வெளியேறவும் வழியில்லை. மரமேடைகளின் அடியில் எலிகள் குடியிருந்தன. இந்தக் கட்டடத்தில் படுக்கை ஒன்றைக் கூடுதலாக இடுவதென்பது, நச்சுக்காற்றை உண்ண ஒருவரைக் கூடுதலாக அழைப்பதாயிற்று.

காற்றினால் நோய் வருகிறது என்பதே அக்கால மருத்துவரின் நம்பிக்கை. நைட்டிங்கேலின் நம்பிக்கையும் அதுவே. நோய்க்கிருமிகளைப் பற்றிய தெளிவு இன்னும் சில பத்தாண்டுகள் கழித்தே வந்தது. கழிவு கலந்த நீரும், கழிவில் மிதித்த காலும், கழுவாத கையும் செய்த வேலையை அவர்கள் காற்றின்மேல் ஏற்றினர். காரணம் பிழைபட்டாலும் நாற்றத்தைத் தொடர்ந்து சென்றவர்கள் சாக்கடையைக் கண்டுபிடித்தார்கள்.

1855 பிப்ரவரியில் பாமர்ஸ்டன் தலைமையில் அமைந்த புதிய அரசு, நலவாழ்வு ஆணையம் ஒன்றை அனுப்பிற்று. மருத்துவர் ஜான் சதர்லாந்து, மருத்துவர் ஹெக்டர் கேவின், பொறியாளர் ராபர்ட் ராலின்சன் ஆகிய மூவரும் மார்ச் முதல் வாரத்தில் ஸ்கூட்டாரியை அடைந்தனர். லிவர்பூல் நகரத்தில் துப்புரவுப் பணியில் தேர்ந்த மேற்பார்வையாளரும் உடன் வந்தனர். பரிந்துரை எழுதிவிட்டுத் திரும்பிவரும் ஆணையம் அன்று. வேலையைச் செய்து முடிக்கும் அதிகாரமும் அதற்கு அளிக்கப்பட்டிருந்தது. பிற ஆணையங்களுக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு அதுவே.

அவர்கள் நோயாளியின் நாடியைப் பார்க்கவில்லை. கட்டடத்தின் நாடியைப் பார்த்தார்கள். மருத்துவமனைக்கு வரும் நீர்க்கால்வாயைத் தோண்டியபோது இறந்த குதிரையொன்றின் அழுகிய உடல்மீது நீர் ஓடிவருவதைக் கண்டனர். முதல் இரு வாரங்களில் அகற்றிய குப்பை மட்டும் 556 கைவண்டி, கூடைகள் எனக் கணக்குண்டு. சுற்றுப்புறத்தில் கிடந்த 24 விலங்குகளின் உடல்களும் இரு குதிரைகளின் உடல்களும் புதைக்கப்பட்டன. சாக்கடைகளைத் திறந்து கழுவிவிட்டனர். குழாய் வழியே காற்று மேலேறாதபடி தடுத்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். எலிகள் உறைந்த மரமேடைகளைப் பெயர்த்தெடுத்தனர். காற்று புகுந்து வெளியேற வழி திறந்தனர். படுக்கைகளுக்கு இடையே இடைவெளி விட்டனர். ஒரு கட்டடத்தை மருத்துவமனையாக மாற்றும் வேலை அன்றுதான் தொடங்கிற்று எனலாம்; அது மருத்துவமனை எனப் பெயர் பெற்று ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன.

அவ்வாண்டு சூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவிற்கு இறங்கிற்று. துல்லியமாகச் சொல்லின் ஆயிரத்துக்கு இருபத்திரண்டு. முழுப்பெருமையும் சாக்கடைக்கே உரியதன்று. குளிர்காலம் கழிந்தது, கிரிமியாவில் உணவும் உடையும் சேர்ந்தன, வந்த நோயாளிகளும் குறைந்தனர். வரலாற்றாசிரியர் இதனை இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் அந்த ஆணையமே ஆங்கிலப் படையைக் காத்தது என்று நைட்டிங்கேலே பின்னாளில் கூறினார் என்பதை ஒதுக்கிவிட இயலாது. விளக்கின் புகழை முழுதும் தமக்கே வைத்துக்கொள்ள உரிமையிருந்தவர் அவர் ஒருவரே.

அந்த மூவரின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. கேவின், அவ்வாண்டு ஏப்ரலிலேயே கிரிமியாவில் கைத்துப்பாக்கி தற்செயலாக வெடித்து இறந்தார். ராலின்சன் பீரங்கிக் குண்டால் காயமுற்றுத் தாயகம் திரும்பினார். சதர்லாந்து மட்டும் நைட்டிங்கேலின் உற்ற துணைவராகப் பல்லாண்டு பணியாற்றினார்.

புதிதாகக் கட்டியவர்

கட்டடத்தை மாற்றுவதா, புதிதாகக் கட்டுவதா என்ற கேள்விக்கு அதே போர் இன்னொரு விடையையும் தந்தது. 1855 பிப்ரவரியில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனலிடம், கப்பலில் ஏற்றிச் சென்று பொருத்தக்கூடிய மருத்துவமனை ஒன்றை வரைந்து தருமாறு அரசு கேட்டது. ஒரு வாரத்திற்குள் அவர் வரைபடம் தந்தார். மரத்தாலான தனித்தனிக் கூடங்கள். கூடம் ஒன்றில் ஐம்பது பேருக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றிற்கும் தனிக் கழிப்பிடம், தனி வடிகால், உள்ளே காற்றைச் செலுத்தும் விசிறி. ஒரு கூடத்தின் நோய் மறுகூடத்தை அடையாதபடி இடையே வெளி. பல கப்பல்களில் ஏற்றப்பட்ட அப்பாகங்கள், பழைய திராய் நகரம் இருந்த இடத்திற்கு அருகே, டார்டனெல்ஸ் நீரிணைக் கரையிலுள்ள ரென்கியோய் என்னும் இடத்தில் பொருத்தப்பட்டன. ஹோமரின் வீரர் பொருது மாண்ட கரைக்கு அருகில், வீரர் மாளாதிருக்க ஒருவர் மரக்கூடம் கட்டினார் என்பது கவிஞர்க்குச் சுவையான செய்தியாகும்.

மருத்துவர் பார்க்ஸ் பொறுப்பில் இயங்கிய அம்மருத்துவமனையில் ஏறத்தாழ 1,300 பேர் சிகிச்சை பெற்றனர்; இறந்தோர் 50 பேர். போரின் கடுமை தணிந்தபின் வந்த நோயாளிகள் இவர்கள். ஆதலின் ஸ்கூட்டாரியின் குளிர்காலக் கணக்கோடு இதனை நேருக்கு நேர் நிறுத்துவது நேர்மையாகாது. இருப்பினும் வடிகாலிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கட்டியவர் புரூனல். ஸ்கூட்டாரியில் கூரையிலிருந்து தொடங்கினார்கள். வடிகாலை எட்டுவதற்குள் குளிர்காலம் கழிந்துவிட்டது.

எண்கள் பேசியபோது

1856 ஆகஸ்டில் அம்மையார் தாயகம் திரும்பினார். வரவேற்புக்குக் காத்திருந்தோரைத் தவிர்த்து அறிவிப்பின்றி வீடு சேர்ந்தார். போரில் ஆங்கிலப் படை இழந்தோரின் கணக்கு அவர் முன் இருந்தது. களத்தில் கொல்லப்பட்டோர் 2,755. புண்ணால் இறந்தோர் 2,019. நோயால் இறந்தோர் 16,323. புள்ளியியலறிஞர் வில்லியம் ஃபாரின் துணையோடு அவர் அவ்வெண்களை மாதவாரியாகவும் இடவாரியாகவும் பிரித்து ஆராய்ந்தார். கிரிமியக் களத்து மருத்துவக் குடில்களைவிடப் போரின் ஓசையே கேளாத ஸ்கூட்டாரி கொடியதாக இருந்தது என்பது அக்கணக்கில் தெரிந்தது. பாஸ்பரஸ் கரையிலேயே குலாலி என்னுமிடத்தில் மருத்துவமனையாக்கப்பட்ட இன்னொரு பாசறையின் நிலை அதனினும் கேடு.

அம்மையார் ஸ்கூட்டாரியில் இருந்தபோது இறப்புகளுக்கு வீரரின் நலிவையும் உணவுப் பற்றாக்குறையையுமே பெருங்காரணமாகக் கருதினார் எனவும், கட்டடத்தின் பங்கை முழுதாக உணர்ந்தது இக்கணக்கைக் கண்டபின்னரே எனவும், அவ்வுணர்வு அவரை நிலைகுலையச் செய்தது எனவும் ஹியூ ஸ்மால் 1998இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இதனை மறுப்போரும் உளர். அம்மையாரின் உள்ளத்தில் நிகழ்ந்ததை எவரும் அறுதியிட்டுரைக்க இயலாது. அதன்பின் அவர் செய்தவற்றைக் காணலாம். அடுத்த பல பத்தாண்டுகளில் அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி விளக்கைப் பற்றியதன்று, கண்ணீரைப் பற்றியதுமன்று. சாளரம், வடிகால், படுக்கைக்குப் படுக்கை எத்தனை அடி, ஒருவர்க்கு எத்தனை கன அடிக் காற்று என்பனவற்றைப் பற்றியவை அவை. 1858இல் வெளியிட்ட வட்ட வரைபடங்களில், நோய்க்கு உரிய நீலப்பகுதி புண்ணுக்கு உரிய சிவப்புப் பகுதியை விழுங்கி நிற்பதைக் கண்ட அமைச்சர்கள் எண்களைப் படிக்கவேண்டிய தேவையே இராது போயிற்று. 1859இல் வந்த மருத்துவமனைகள் பற்றிய அவரது நூல், நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருப்பதே ஒரு மருத்துவமனையின் முதற்கடமை என்ற கருத்தோடு தொடங்குகிறது. எவரும் சொல்லத் தேவையற்றதாகத் தோன்றும் இக்கருத்தைச் சொல்லும் உரிமை ஸ்கூட்டாரியில் குளிர்காலம் கழித்தவர்க்கு உண்டு.

கேட்டவர் எல்லாரும் கேட்டனர் என்று கொள்ளற்க. நெட்லி என்னுமிடத்தில் அரசு கட்டத் தொடங்கிய பெரும்படை மருத்துவமனையின் வரைபடத்தைக் கண்டு, அழகிய முகப்பும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட அது மீண்டும் ஒரு ஸ்கூட்டாரியே என அவர் போராடினார். பாமர்ஸ்டனே அவர் பக்கம் நின்றும், அடித்தளம் எழுந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது என்ற விடையே கிடைத்தது. 1863இல் அது திறக்கப்பட்டது. புதிதாகக் கட்டுவதனாலேயே ஒன்று மருத்துவமனையாகிவிடாது என்பதற்கு நெட்லி சான்றாக நின்றது.

பாசறைகளைப் பற்றிய அவரது கேள்வி இந்தியாவையும் எட்டியது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் நலவாழ்வு பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை அளித்தது. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 வீரர் மாண்டனர் என்ற கணக்கு அதில் வெளிப்பட்டது. படைநிலையந்தோறும் வினாப்பட்டியல் அனுப்பி, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது எனக் கேட்டறிந்தவர் இந்தியாவை ஒருபோதும் காணாத அம்மையாரே. கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்தில் போர்க்காலத்தில் செயலராக இருந்து அவர் பணியை அருகிருந்து அறிந்த நேப்பியர் பிரபு, 1866இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தபோது, மாகாணத்தின் நலவாழ்வு குறித்து இருவரிடையே மடல்கள் சென்று வந்தன. கூவம் கடலோடு கலக்குமிடத்தில் 1869இல் எழுந்த பாலம் நேப்பியர் பெயரையே தாங்கி நிற்கிறது. அப்பாலத்தைக் கடப்போர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாட்களில், வடிகாலைப் பற்றி மடல் எழுதிய அந்த அம்மையாரை நினைப்பதற்கில்லை.

பாடலில் நின்றது

விளக்கு எங்ஙனம் வென்றது? 1855 பிப்ரவரி 24ஆம் நாள் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழ், விளக்கோடு நிற்கும் அம்மையாரின் படத்தை வெளியிட்டது. மாண்டோர் நூற்றுக்கு 42 என்றிருந்த அதே மாதம் அது. 1857 நவம்பரில் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 'சாண்டா ஃபிலோமினா' என்னும் பாடலை 'அட்லாண்டிக்' திங்களிதழின் முதல் வெளியீட்டில் எழுதினார். அதன்பின் விளக்கு அணையவே இல்லை. ஓவியர் பலர் அம்மையார் கையில் கிரேக்கச் சாயலுள்ள எண்ணெய் விளக்கைக் கொடுத்துவிட்டனர். மெய்யாக அவர் ஏந்தியது துருக்கியர் ஃபானூஸ் என வழங்கும் மடிப்புக் கூண்டு விளக்கு. மேலும் கீழும் உலோகத் தட்டு, இடையே மடித்து விரிக்கும் துணியோ தாளோ, உள்ளே ஒரு மெழுகுவத்தி. கூண்டுக்குள் இருந்தமையால் காற்றில் அதன் சுடர் சாய்வதில்லை.

கவிஞரைக் குறை கூறுவதற்கில்லை. சாக்கடையைப் பாடினால் எவர் கேட்பர்? நெடுநல்வாடைப் பாசறையிலும் விளக்கின் சுடர் சாய்ந்ததைப் புலவர் கண்டார். அப்பாசறையின் புறத்தே என்ன இருந்தது என அவரை எவரும் வினவியதில்லை. ஆனால் ஸ்கூட்டாரியில் விளக்கை ஏந்தியவரே அதனைக் கீழே வைத்துவிட்டு ஐம்பதாண்டுக் காலம் மற்றதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 1910இல் தொண்ணூறு வயதில் அவர் மறைந்தபோதும் உலகம் விளக்கைத்தான் நினைவுகூர்ந்தது.

போர் முடிந்ததும் சலீமியே மீண்டும் பாசறையாயிற்று. துருக்கியின் முதற்படையின் தலைமையகம் அங்கே இயங்கிவருகிறது. மூலைக் கோபுரமொன்றில் அம்மையாரின் நினைவாகக் காட்சியறை அமைத்துள்ளனர். படைத்துறையின் இசைவு பெற்றே காண இயலும். அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஹைதர் பாஷா கல்லறைத் தோட்டம் உள்ளது. ஸ்கூட்டாரியில் மாண்டவர்கள் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் கடலை நோக்கிய அந்தச் சரிவில் கிடக்கின்றனர். பெரும்பாலோர்க்குப் பெயர்க்கல் இல்லை.